வடமாநில விசுவாசிகளுக்குத் தனி ஆராதனையா, ஒரே ஆராதனையா? உங்கள் சபையில் என்ன செய்கிறீர்கள்?

பனியன்நகர் விசுவாசி:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். திருப்பூர்ப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள சபையில், கமிட்டி உறுப்பினராக இருக்கிறேன். காலை எட்டரைக்குத் தமிழ் ஆராதனை, மாலையில் ஆங்கில ஆராதனை. சில வருடங்களாக ஜார்க்கண்ட், ஒடிசாப் பிள்ளைகள் நிறையப் பேர் காலை ஆராதனைக்கு வருகிறார்கள். பவர் டேபிள், செக்கிங், அயர்ன் என்று கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். ஊரில் சிலர் லூத்தரன், சிலர் கத்தோலிக்கர், சிலர் பாப்டிஸ்ட். 2008-ல் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்ட கலவரத்துக்குப் பிறகு ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு.

இவர்கள் வழக்கமாகக் கடைசி இரண்டு பெஞ்சில் உட்காருகிறார்கள். பாமாலைப் புத்தகம் கையில் இருக்கும், பக்கம் திறந்திருக்காது. திருவிருந்துக்கு (அப்பமும் ரசமும் பெற) எழுந்து வருவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். காணிக்கைப் பையில் மட்டும் ஒருவர் விடாமல் எல்லோரும் போடுவார்கள்.

கமிட்டியில் இரண்டு கருத்து. ஒரு தரப்பு, மதியம் சபை மண்டபத்தில் இந்தியில் தனி ஆராதனை நடத்தலாம் என்கிறது. இன்னொரு தரப்பு, மாதம் ஒரு ஞாயிறு எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஆராதனை வைக்கலாம் என்கிறது. ஆயர் என்னை விசாரித்து வரச் சொல்லியிருக்கிறார். இப்படி நடத்திப் பார்த்த சபைகள் இருந்தால் சொல்லுங்கள். எனக்குத் தனி மண்டபம் என்பதே நெருடுகிறது. ஆனால் நெருடல் மட்டும் வாதம் ஆகாதே.

பழைய கமிட்டி:

தம்பி, நான் தனி ஆராதனை பக்கம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் ஆட்கள் மலேயாத் தோட்டத்துக்குப் போனபோது என்ன கேட்டார்கள்? தமிழில் ஆராதனை கேட்டார்கள். பம்பாய் தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் ஒன்றுசேர்ந்து தமிழ்ச் சபை கட்டினார்கள். சிங்கப்பூரில் தமிழ் மெதடிஸ்ட் சபை உண்டு. வந்த இடத்தில் ஆங்கிலத்தில் நடப்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்காருங்கள் என்று சொல்லியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? பாவ அறிக்கை சொல்ல ஒருவனுக்குத் தாய்மொழி வேண்டும். அந்தப் பிள்ளைகளும் நம்மைப் போலத்தான்.

இன்னொன்று, எங்கள் சபையில் எண்பது வயதுப் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒரு பாடத்தை இரண்டு மொழியில் வாசித்து, பிரசங்கத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்தால் ஆராதனை இரண்டரை மணி நேரம் இழுக்கும். அவர்களும் சபைதான்.

பொருநைக்கரை:

பழைய கமிட்டி ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் ஆட்கள் தங்களுக்குத் தனியாக வேண்டும் என்று தாங்களே கேட்டார்கள், அதையும் கவனிக்க வேண்டும். இங்கே கேட்டது யார்? அந்தப் பிள்ளைகளா, கமிட்டியா?

நான் வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. எங்களுக்கு அடுத்தாற்போல் வடக்கன்குளம். அங்கே 1872-ல் கட்டிய மாதா கோயிலைப் பார்த்தால் விஷயம் புரியும். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு நடைக்கூடங்கள் கால்சட்டையின் இரண்டு கால் போல விரியும். ஒரு பக்கம் வெள்ளாளர், இன்னொரு பக்கம் நாடார்களும் மற்றவர்களும். நடுவில் சுவர். இருவருக்கும் பீடம் தெரியும், ஒருவருக்கு ஒருவர் தெரியாது. பிறகு ஆயர் உத்தரவில் சுவரை இடித்தார்கள். வழக்கு போட்டார்கள். 1917-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில், சாதியைக் காட்டிக் கோயிலுக்குள் தனி இடம் உரிமையாகக் கேட்க முடியாது என்று தீர்ப்பானது.

அந்தக் கோயிலைக் கட்டியவர்களும் கெட்ட எண்ணத்தில் கட்டவில்லை. சண்டை வரக் கூடாது, எல்லோரும் பூசை காண வேண்டும், யாரும் மதத்தை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் யோசித்தார்கள். நல்ல நோக்கத்தில் எழுந்த சுவரை இடிக்க ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது. மண்டபத்தில் தனி ஆராதனை என்று கேட்டதும் எனக்கு அந்தக் கோயில்தான் ஞாபகம் வருகிறது.

தெற்குத்தெரு:

எல்லோரும் பேசுகிறீர்கள், நானும் பேசுகிறேன். வடக்கே இருந்து வந்தவர்கள் கடைசி பெஞ்சில் உட்காருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் அந்தக் கடைசி பெஞ்சில் யார் உட்கார்ந்தார்கள்?

நாங்கள் தலித் கிறிஸ்தவர்கள். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கிக் கோயில் கட்டினார். அந்தக் கோயிலிலேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று உட்கார வைத்தார்கள், நடுவில் இடைவெளி விட்டு. தஞ்சாவூரில் ராஜநாயக்கன் என்று ஒரு உபதேசியார் இருந்தார். பறையர் சமூகம், பல வருட ஊழியம். அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக்காரர்கள் வரமாட்டார்கள் என்று பயந்து அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கவில்லை, 1741-ல் வேறொருவருக்குக் கொடுத்தார்கள். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதியைச் சபையில் வைத்திருக்கக் கூடாது என்று கடிதம் எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அந்தக் கடிதத்தை வாசித்ததும் நிறையப் பேர் சபையை விட்டு எழுந்து போனார்கள்.

பழைய கதை என்று விடாதீர்கள். 2008-ல் எறையூரில் தங்களுக்கென்று தனிப் பங்கு (தனிக் கோயில் சபை) கேட்கும் நிலைக்குத் தலித் கத்தோலிக்கர்கள் தள்ளப்பட்டார்கள். அதையொட்டி எழுந்த கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைத்துப் பிரித்தார்கள்.

அதனால் என் கேள்வி இதுதான். தமிழ் பேசும் நமக்குள் ஒரே ஆராதனை இருக்கிறதா? மொழி ஒன்று, பாட்டு ஒன்று, நேரம் ஒன்று. ஆனால் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் யார் வீட்டுக்கு யார் சாப்பிடப் போகிறார்கள்? ஜார்க்கண்ட் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் மாதம் ஒரு நாள் இந்திப் பாட்டுப் பாடிவிட்டு "எங்கள் சபையில் பேதமில்லை" என்று போட்டோ போடாதீர்கள்.

பனியன்நகர் விசுவாசி:

தெற்குத்தெரு அண்ணன், நீங்கள் கேட்டதை மழுப்ப மாட்டேன். எங்கள் சேகரத்திலும் பெண் எடுக்கும்போது சாதி பார்க்கிறார்கள். கமிட்டித் தேர்தலில் எந்தத் தெரு எந்த அணி என்று எல்லோருக்கும் தெரியும். ஆராதனையில் பேதமில்லை என்று சொல்லலாம், அதைத் தாண்டிச் சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற ஆயர்:

பிள்ளைகளே, நல்ல விவாதம். இரண்டு விஷயம் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, நம்முடைய சபையே ஒரு கூட்டுக் குடித்தனம். 1947 செப்டம்பர் 27, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் முன்பே சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை, எல்லாரும் ஒன்றானோம். அதுவரை பேராயர் கை வைத்தால்தான் குருப்பட்டம் செல்லும் என்று ஒருவர், பேராயரே வேண்டாம் என்று இன்னொருவர். அப்படியிருந்தும் எந்தச் சபையின் நெடுநாள் ஆராதனைப் பழக்கத்தையும் பிடுங்கி எறியமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் ஒன்றானார்கள். ஒன்றாவதற்கு முன் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிட வேண்டும் என்று யாரும் நிபந்தனை வைக்கவில்லை.

பிறகு 1950-ல் வந்த புதிய திருவிருந்து முறைமையில் ஒரு காரியத்தைச் சேர்த்தார்கள். சமாதானம் பகிர்வது. பீடத்தில் தொடங்கி, பக்கத்தில் இருப்பவர் கைகளுக்குள் உங்கள் கைகளைக் கொடுத்து, அவர் அடுத்தவருக்குக் கொடுத்து, கடைசி பெஞ்சு வரை போக வேண்டும். மேற்கத்திய சபைகள் பலவற்றில் அப்போது வழக்கொழிந்திருந்தது. கேரளத்துச் சுரியானிச் சபைகள் காத்து வைத்திருந்த முறையைப் பார்த்து எடுத்தார்கள். தொடமாட்டேன் என்று ஒரு சமூகமே சொல்லிவந்த நாட்டில், அப்பம் பிட்கும் முன்னால் தொட்டே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். இப்போது பல சபைகளில் நின்ற இடத்திலிருந்து ஒரு கும்பிடு போட்டு முடித்துவிடுகிறோம். எனக்கு அது வருத்தம்.

இரண்டாவது, அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம். எருசலேம் சபையில் எபிரெயு பேசுகிறவர்கள், கிரேக்கு பேசுகிறவர்கள் என இரு தரப்பு. கிரேக்கர்களின் விதவைகள் அன்றாட விசாரணையில் (சாப்பாட்டுப் பங்கீட்டில்) விட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? பந்திவிசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயரையும் வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. அத்தனையும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள். எபிரெயர்களின் விதவைகளுக்கும் சேர்த்து இவர்கள்தான் பரிமாறினார்கள்.

தனி ஆராதனையா ஒரே ஆராதனையா என்பதைவிட, யார் கையில் பந்தி என்பதை உங்கள் கமிட்டி யோசிக்கட்டும்.

கீர்த்தனைப்பிரியன்:

ஆயர் ஐயா சொன்ன "பழக்கத்தைப் பிடுங்கமாட்டோம்" என்பதைப் பிடித்துக்கொள்கிறேன்.

என் பயம் இசை பற்றியது. பல மொழிக்காரர்கள் சேர்ந்தால் கடைசியில் என்ன ஆகும் தெரியுமா? எல்லோருக்கும் பொதுவாக ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ், நாலே வரியை நாற்பது தடவை திருப்பிப் பாடும் கோரஸ். கீர்த்தனையும் போகும், பாமாலையும் போகும், அவர்கள் ஊர்ப் பாட்டும் போகும்.

கீர்த்தனைகள் எழுதிய கிறிஸ்தவப் புலவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1829-ல் புதிய மிஷனரிகள் மேல் நான்கு கொடுமைகளைக் குற்றமாக வைத்தார். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், சாதிகளைக் கட்டாயப்படுத்திக் கலக்கிறார்கள், பூ வைக்க விடுவதில்லை, தமிழ்ப் பாட்டையும் இசையையும் நிறுத்துகிறார்கள். தெற்குத்தெரு அண்ணன் கோபப்படுவார், சாதி விஷயத்தில் சாஸ்திரியார் நின்ற பக்கம் தவறு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே பட்டியலில் பாட்டும் பூவும் இருக்கின்றன. சமத்துவம் கேட்டு வந்தவர்களே கீர்த்தனையையும் விரட்டினார்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டியதால் வந்த வினை. ஒன்றிப்பு என்ற பெயரில் எதை விடச் சொல்கிறோம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

உபயோகமாக ஒன்று சொல்கிறேன். ஜார்க்கண்டின் ராஞ்சியில் 1845-ல் ஜெர்மன் மிஷனரிகள் தொடங்கியதுதான் கோஸ்னர் லூத்தரன் சபை. இங்கே ஃபப்ரிசியஸ் போன்ற ஜெர்மன் மிஷனரிகள் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கியதிலிருந்து ஞானப்பாட்டுகள் வளர்ந்தன. இரண்டு ஊரிலும் சில மெட்டுகள் ஒன்றே. அந்தப் பிள்ளைகளைக் கொயர் பிராக்டிஸுக்குக் கூப்பிட்டு ஆர்மோனியத்தில் மெட்டை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். தெரிந்த மெட்டு என்றால் உடனே பாடிவிடுவார்கள். ஒரே மெட்டில் ஒரு சரணம் தமிழ், ஒரு சரணம் இந்தி.

தெற்குத்தெரு:

கோபம் இல்லை பிரதர். பாட்டு வேறு, சாதி வேறு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பறையும் நம் பாட்டுதான். கோயிலுக்குள் பறை அடித்தால் முகம் சுளிப்பவர்கள், ஜார்க்கண்ட் பிள்ளைகள் தங்கள் ஊர் மாந்தர் மேளத்தைக் கொண்டுவந்தால் என்ன செய்வார்கள் என்று பார்க்க ஆவல்.

இருமொழி வீடு:

என் மனைவி மிசோரம், நர்ஸ். சென்னையில் ஒரு தமிழ்ச் சபைக்குப் பல வருடம் போகிறாள். இந்த இழையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

தமிழ் தெரியாதது அவளுக்குப் பெரிய கஷ்டமாக இல்லையாம். எந்தச் சபையிலும் ஆராதனையின் ஒழுங்கு தெரியும், இப்போது பாவ அறிக்கை, இப்போது விசுவாசப்பிரமாணம் என்று பிடிபட்டுவிடும். கஷ்டம் எங்கே என்றால், எல்லோரும் அவளிடம் அன்பாகச் சிரிப்பார்கள், யாரும் எதுவும் செய்யச் சொல்ல மாட்டார்கள். அவள் ஊரில் சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைப்பார்கள், பெண்கள் அதைச் சேர்த்து விற்று ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். சின்ன வயதிலிருந்து சபைக்கு வேலை செய்தே பழகியவள் இங்கே விருந்தாளியாகவே இருந்தாள்.

ஒரு நாள் ஒரு அக்கா, பண்டிகைக்கு வெங்காயம் உரிக்க ஆள் பற்றவில்லை, வா என்று அரிவாள்மனையைக் கையில் கொடுத்தார்களாம். அன்றுதான் இது என் சபை என்று தோன்றியதாம்.

பொருநைக்கரை:

அந்த அக்காவுக்கு என் வணக்கம்! எங்கள் ஊரிலும் பிடியரிசி உண்டு, உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

வெங்காயம் என்றதும் அசனம் ஞாபகம் வந்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்து அசனம் தெரியாதவர்களுக்கு: ஆலயப் பண்டிகை முடிவில் ஊர் கூடிச் சமைத்து ஊர் கூடிச் சாப்பிடுவது. சோறு, கறிக்குழம்பு. முந்தின ராத்திரியே அடுப்பு மூட்டிவிடுவார்கள். பெரிய வட்டையில் குழம்பு கொதிக்கும்போது சுற்றி நின்று கிண்டுகிறவர்களுக்குள் யார் கரண்டி பிடிக்கிறார், யார் விறகு தள்ளுகிறார் என்பதைக் கவனித்தால் அந்தச் சபையைப் பற்றிய எல்லாம் தெரிந்துவிடும். எந்தத் தெருக்காரர் சமையலுக்கு, எந்தத் தெருக்காரர் இலை எடுக்க என்று எழுதாத சட்டம் பல இடத்தில் இருந்தது. எங்கள் ஊரில் அதை உடைத்தது இளைஞர் ஐக்கியப் பிள்ளைகள். சீட்டுப் போட்டு வேலை பிரித்தார்கள், அவ்வளவுதான். முணுமுணுப்பு வந்தது, குழம்பு ருசியாக இருந்தது, அடங்கிவிட்டது.

கொரிந்து சபையில் பவுல் கோபப்பட்டதும் இந்த விஷயத்துக்குத்தானே? அவனவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான், ஒருவன் பசியாயிருக்கிறான் என்று. அங்கே திருவிருந்தும் சாப்பாடும் ஒரே பந்தியில் இருந்தன. நாம் இரண்டையும் பிரித்துவிட்டோம். பீடத்தண்டை சமம், பந்தலில் பேதம்.

விரல்மொழி:

உள்ளே வரலாமா? நான் காது கேளாதவர்களுக்குச் சைகை மொழியில் ஆராதனையை எடுத்துச் சொல்பவள். பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியில் படித்தவர்கள் பலர் என் நண்பர்கள்.

மொழி என்றால் இந்தி, தமிழ் என்றே பேசுகிறீர்கள். உங்கள் சபையிலேயே பிறந்து, ஞானஸ்நானம் எடுத்து, திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) வாங்கி, பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் எட்டாமல் உட்கார்ந்திருப்பவர் இருக்கலாம். வீட்டார் கூட்டிவருவார்கள், கூட்டிப்போவார்கள்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. மொழிபெயர்ப்பவர் தூணுக்குப் பின்னால் நிற்கக் கூடாது, வெளிச்சம் அவர் முகத்தில் விழ வேண்டும், ஜன்னல் அவருக்குப் பின்னால் இருக்கக் கூடாது. சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை போட்டால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். பல கோயில்களில் பேருக்கு ஒரு செங்குத்துச் சரிவைக் கட்டிவைத்திருக்கிறார்கள், நாலு பேர் பிடித்துத் தள்ளினால்தான் ஏறும். தள்ள ஆள் வேண்டும் என்றால் அவர் நினைத்த நேரத்தில் கோயிலுக்கு வர முடியாது, பாருங்கள்.

பனியன்நகர் தம்பிக்கு: வரிக்கு வரி மொழிபெயர்ப்பு வேண்டாம். பழைய கமிட்டி ஐயா சொன்ன நேரப் பிரச்சினை உண்மை. பிரசங்கத்தின் சாரத்தை ஆயர் வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்தால், அதை அவர்கள் மொழியில் ஒரு பக்கமாக அச்சடித்து வாசலில் கொடுக்கலாம். காது கேளாதவர்களுக்கும் அதே தாள் உதவும்.

கடற்கரைப் பங்கு:

நான் கத்தோலிக்கன். வேளாங்கண்ணியில் திருவிழாக் காலத்தில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கொங்கணி, இந்தி என்று வரிசையாகப் பூசை நடக்கும். திருத்தலத்துக்கு அது சரி, வருகிறவர்கள் வந்துவிட்டுப் போவார்கள். பங்குக் கோயில் அப்படியில்லை.

எங்கள் பங்கில் மாதம் இரண்டு முறை இந்திப் பூசை தொடங்கினோம். கூட்டம் வந்தது, சந்தோஷம். ஆனால் அவர்களில் யாரையும் எங்களுக்குத் தெரியாது, எங்களில் யாரையும் அவர்களுக்குத் தெரியாது. பிறகு பங்குத்தந்தை ஒரு வேலை செய்தார். அவர்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகள் எந்த அன்பியத்தின் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழுவின்) எல்லையில் வருகிறதோ அந்த அன்பியத்தில் சேர்த்தார். வீட்டு ஜெபம் அவர்கள் அறையிலும் நடந்தது. பத்துக்குப் பத்து அறையில் செருப்பை வெளியே விட்டுவிட்டு ஒட்டி ஒட்டி உட்கார்ந்து ஜெபமாலை சொன்னோம். இந்திப் பூசையையும் நிறுத்தவில்லை. தனியும் வேண்டும், சேர்ந்ததும் வேண்டும் என்பது என் கருத்து. தனி மட்டும் இருந்தால் அது விலக்கி வைப்பது.

பனியன்நகர் விசுவாசி:

எல்லோருக்கும் நன்றி. பொருநைக்கரை அக்கா முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிப் போனேன். கேட்டது யார்? கமிட்டிதான். அவர்களை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்த பிறகு அவர்கள் விடுதிக்குப் போய்ப் பேசினேன். தமிழ் நன்றாகப் பேசும் ஒரு பையன் கூட இருந்தான். இந்தி ஆராதனை வேண்டுமா என்றால், சரி என்றார்கள், பெரிய ஆர்வமில்லை. வீட்டில் பேசுவது சாத்ரி, குடுக், முண்டாரி. இந்தி அவர்களுக்கும் பள்ளிக்கூடத்து மொழிதான்.

அவர்கள் முதலில் கேட்டது வேறு. கொஞ்ச நாள் முன்பு அவர்களில் ஒரு பையன் காய்ச்சலில் இறந்துபோனான். அடக்கம் செய்ய இடம் கேட்டு ஒரு சபைக்குப் போயிருக்கிறார்கள். எந்தச் சபை என்று எழுத விரும்பவில்லை. சந்தா ரசீது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. கடன் வாங்கி ஆம்புலன்ஸ் பிடித்து ஜார்க்கண்ட் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தக் கடனை இன்னும் கட்டுகிறார்கள். "நாங்கள் செத்தால் எங்கே?" என்றுதான் கேட்டார்கள். அதற்கடுத்து, ஊரில் கல்யாணம் பேசும்போது சபையிலிருந்து கடிதம் வேண்டும், இங்கே யார் தருவார் என்று கேட்டார்கள். பாட்டும் மொழியும் மூன்றாவதாகத்தான் வந்தது.

ஷிப்மெண்ட் நேரத்தில் சனி இரவு இரண்டு மணி வரை வேலை, எட்டரை ஆராதனைக்கு எழுந்திருக்க முடியவில்லை என்றும் சொன்னார்கள். பின்னால் உட்காருவது ஏன் என்று கேட்டேன். தூங்கிவிட்டால் மற்றவர்களுக்குத் தெரியக் கூடாதாம்.

தெற்குத்தெரு:

தம்பி, இதைத்தான் நான் சொன்னேன். கல்லறையில் இடமில்லாதவனுக்குக் கோயிலில் கொடுத்த பெஞ்சு சும்மா.

பழைய கமிட்டி:

அந்தப் பையன் செய்தி மனதைப் பிசைகிறது. தனி ஆராதனை பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் இது ஆராதனை முறை பற்றிய விஷயமே இல்லை, பதிவேட்டு விஷயம்.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். சபைப் பதிவேட்டில் சேர்த்தால் வாக்கு வரும். வாக்கு வந்தால் தேர்தல் அணிகள் இவர்களைப் பிடித்து இழுக்கும். திருமண்டலத் (பேராயரின் ஆளுகைப் பகுதி) தேர்தல் எப்படி நடக்கிறது என்று தெரியும்தானே? கமிட்டியில் எதிர்ப்பு வந்தால் அதற்குக் காரணம் மொழி இல்லை, அந்தக் கணக்குதான். வெளியே மட்டும் "அவர்கள் நிரந்தரமாக இருப்பவர்கள் இல்லையே" என்பார்கள்.

ஓய்வுபெற்ற ஆயர்:

நிரந்தரமாக இருப்பவர்கள் யார்? உங்கள் சேகரத்தில் பாதிப்பேர் தூத்துக்குடி, நாசரேத், மதுரையிலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளாக இருப்பார்கள். அவர்களைச் சேர்த்தபோது எத்தனை வருடம் இருப்பாய் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தம்பி, அவர்கள் ஊர்ச் சபைக்கு ஆயர் மூலம் கடிதம் எழுதி, ஞானஸ்நான, திடப்படுத்தல் விவரம் வாங்குங்கள். லூத்தரன் பிள்ளைகள் நம் திருவிருந்தில் பங்கெடுக்கத் தடையில்லை, அதை ஆராதனையிலேயே ஆயர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு அவர்கள் சபையின் ஒழுங்கு வேறு. அவர்களை அருகிலுள்ள பங்குக்கு அறிமுகப்படுத்துங்கள், ஆசீர்வாதம் பெற நம்மிடமும் வரலாம்.

பனியன்நகர் விசுவாசி:

கமிட்டி கூடியது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஐந்தாம் ஞாயிறு வரும் மாதங்களில் ஒரே ஆராதனை, காலை பத்தரைக்கு. அதில் எதிர்ப்பில்லை. முதல் ஆராதனை நடந்தும் விட்டது. முதல் பாடம் இந்தியில், சுவிசேஷம் தமிழில். விரல்மொழி அக்கா சொன்ன ஒரு பக்கத் தாள் கொடுத்தோம். பரமண்டல ஜெபத்தை அவரவர் மொழியில் சொல்லச் சொன்னார் ஆயர். தமிழ்க்காரர்கள் முடித்துவிட்டோம், இந்தியில் இன்னும் இரண்டு வரி போய்க்கொண்டிருந்தது. நாங்கள் பேசாமல் காத்திருந்தோம், பிறகு எல்லோரும் சேர்ந்து ஆமென். கீர்த்தனைப்பிரியன் சொன்ன மெட்டு வேலை செய்தது. முதல் வரி வாசித்ததும் பின்னாலிருந்து ஒரு பெண் பிள்ளை நான்கு குரல் பாட்டில் வரும் ஆல்டோ குரலை எடுத்தாள், எங்கள் கொயர் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். இப்போது அவளும் இன்னொரு பையனும் கொயரில். சமாதானம் பகிர்வதைக் கையைக் கொடுத்தே செய்தோம். ஒரு சிலர் தயங்கினார்கள். யார் என்று நான் பார்த்தேன், ஆயரும் பார்த்தார்.

கல்லறைத் தோட்டம் பற்றி இரண்டு மணி நேரம் பேச்சு. சபையில் ஆராதிக்கிற யாருக்கும், ரசீது இல்லாவிட்டாலும், ஆயர் கடிதம் போதும் என்று தீர்மானம் எழுதியாயிற்று. மாதச் சந்தாவைத் தினக்கூலிக்காரர்களுக்குக் குறைத்திருக்கிறோம்.

கமிட்டியில் அவர்களுக்கு ஒரு இடம் என்பது தோற்றுவிட்டது. அடுத்த தேர்தலில் பார்க்கலாம் என்றார்கள்.

தெற்குத்தெரு:

கல்லறையில் எங்கே இடம்? வேலி ஓரத்திலா, வரிசையிலா?

பனியன்நகர் விசுவாசி:

வரிசையில், அண்ணன். அடுத்த காலிக்குழி யாருக்கு வந்தால் அவருக்கு. ஓரத்தில் தனியாக ஒதுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். உங்கள் பதிவை அப்படியே வாசித்துக் காட்டினேன். தீர்மானத்தில் "வரிசைப்படி" என்ற சொல் இருக்கிறது.

தெற்குத்தெரு:

நல்லது. அந்தத் தீர்மானத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கமிட்டி மாறும்.

பழைய கமிட்டி:

கமிட்டி இடத்துக்கு ஒரு வழி. தேர்தலுக்கு முன் வாக்காளர் பட்டியலைக் கோயில் பலகையில் ஒட்டுவார்கள். ஆட்சேபம் சொல்லக் கெடு இருக்கும், அதன் பிறகு ஒரு பெயரும் ஏறாது. இப்போதே ஊர்ச் சபைக் கடிதங்களை வரவழைத்து, அவர்கள் பெயரில் சந்தா ரசீது போட்டு, திருவிருந்துப் பதிவிலும் ஏற்றிவிடுங்கள். யாராவது ஆட்சேபம் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் பலர் எழுதித் தரமாட்டார்கள். படிவம் நிரப்ப ஆள் வேண்டுமென்றால் ஞாயிறு மதியம் நான் வருகிறேன், பக்கத்து ஊர்தான்.

பனியன்நகர் விசுவாசி:

வாருங்கள் ஐயா, காத்திருக்கிறோம். நைட் ஷிப்ட் முடிந்து வருபவர்கள் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் எழுந்திருப்பார்கள். இரண்டு மணிக்கு வந்தால் சரியாக இருக்கும்.